பூங்காவில் விரிக்கும் பாய்

(சபை ஆண்டு விழாவின் மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆண்டு விழாவில் பேச வருகிறவர்கள் சபை வளர்ந்த கதையைச் சொல்வது வழமை. எனக்கு முன் பேசியவர்கள் அதை வடிவாகச் சொல்லிவிட்டார்கள். அதனால் நான் கட்டடத்துக்கு வெளியே போகிறேன். ஒஸ்லோவின் பூங்காக்களைப் பற்றியும், அங்கே அயலவர்கள் ஒன்றுகூடுவதைப் பற்றியும், வருகிற கோடையில் நாங்கள் என்ன செய்யலாம் என்பதைப் பற்றியும் கொஞ்சம் கதைக்கலாம் என்று வந்திருக்கிறேன். பிள்ளைகள் நெளியத் தொடங்கினால் எனக்குத் தெரியும். அப்போது நிறுத்திவிடுகிறேன்.

பிள்ளைகளே, முதல் கேள்வி உங்களுக்குத்தான். நகரத்தில் சங்க்ட் ஹான்ஸ்ஹௌகன் என்று ஒரு பூங்கா இருக்கிறது. 'ஹௌக்' என்றால் மேடு என்று உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 'சங்க்ட் ஹான்ஸ்' யார்? சரியாகச் சொன்னீர்கள், யோவான் ஸ்நானன். யொஹன்னஸ் என்ற பெயர் சுருங்கி ஹான்ஸ் ஆனது. ஜூன் 24 அவர் பிறந்த நாள் என்பது திருச்சபை மரபு. அதற்கு முதல் நாள் இரவு, சூரியன் மறைய மனமில்லாமல் நிற்கிற அந்த இரவில், இந்த நாட்டில் தீ மூட்டிக் கொண்டாடுவார்கள். 19ஆம் நூற்றாண்டில் இந்த நகரத்துக்குக் கிறிஸ்தியானியா என்று பெயர். அந்தக் காலத்துச் சனங்கள் தீ மூட்டிக் கூடிய இடம் இந்த மேடு. மரம் நட்டு, பாதை போட்டு அதை முறையான பூங்கா ஆக்கியது அந்த நூற்றாண்டின் இரண்டாம் பாதியில்தான். அதாவது கூட்டம் முதலில் வந்தது, பூங்கா பிறகு வந்தது. பெயரையும் அந்தக் கூட்டமே வைத்துவிட்டது.

யோவான் பிறந்த கதையை லூக்கா முதலாம் அதிகாரத்தில் வீட்டில் போய் வாசித்துப் பாருங்கள். எலிசபெத்து வயது போன காலத்தில் பிள்ளை பெற்றபோது, சந்தோஷப்பட வந்தவர்களில் லூக்கா முதலில் சொல்வது அயலவரை. உறவினர் அதற்குப் பிறகுதான். வந்தவர்கள் வாழ்த்தியதோடு நிற்கவில்லை. பிள்ளைக்குத் தகப்பன் பெயரையே வைக்கப் பார்த்தார்கள். தாய் மறுத்தபோது, உங்கள் சொந்தத்தில் அப்படி ஒரு பெயர் ஒருவருக்கும் இல்லையே என்று நின்றார்கள். எங்கள் ஊர் அயலவர்களை நேரில் கண்டதுபோல இல்லையா? குருநகரிலோ பருத்தித்துறையிலோ நடந்த கதை என்று சொன்னாலும் நம்பலாம்.

ஒஸ்லோ அப்படி இல்லை. தொடர்மாடியின் மின்தூக்கியில் இன்னொருவர் ஏறினால், இரண்டு பேரும் மாடி இலக்கத்தைப் பார்த்துக்கொண்டு நிற்போம். பேருந்தில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் நின்றுகொண்டே போகிறவர்களைக் கண்டிருக்கிறோம். இவர்கள் மனிதரை வெறுக்கிறவர்கள் என்று அதை விளங்கிக்கொள்ளக் கூடாது. மற்றவரைத் தொந்தரவு செய்யாமல் விடுவது அவர்களுக்கு மரியாதை. கண்டும் கதைக்காமல் போவது எங்களுக்கு அவமரியாதை. இரண்டு மரியாதைகளும் ஒரே மின்தூக்கியில் ஏறினால் ஒருவரும் வாய் திறப்பதில்லை.

ஆனால் இதே மனிதர்களின் கையில் ஒரு வேலையைக் கொடுத்துப் பாருங்கள், ஆள் மாறிவிடுவார். அதற்குத்தான் டுக்னாட் என்ற சொல். பழைய நோர்ஸ் மொழியில் உதவி என்ற பொருளில் இருந்து வந்தது. 2004இல் தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்றின் மூலம் நோர்வேயின் தேசியச் சொல்லாக இதைத் தெரிவு செய்தார்கள். எங்களுக்கு இது புதிய விஷயமே இல்லை. ஊரில் சிரமதானம் என்று சொல்லி, சன சமூக நிலையத்துக்கு முன்னால் மண்வெட்டியோடு கூடி, ஒழுங்கை திருத்தி, குளம் தூர்வாரி, பிறகு ஆளுக்கொரு தேத்தண்ணீர் குடித்தவர்கள் இந்த மண்டபத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். சிரமதானம் என்பதை இலங்கை முழுவதும் பரப்பியதில் 1958இல் தொடங்கிய சர்வோதய இயக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இங்கே மண்வெட்டிக்குப் பதிலாகப் புல்வாரி, தேத்தண்ணீருக்குப் பதிலாகக் கோப்பி, வடைக்குப் பதிலாக வாஃபல். வித்தியாசம் அவ்வளவுதான்.

எங்கள் தொடர்மாடியில் ஒரு மனிதர். வருடக்கணக்காகத் தலையாட்டலோடு சரி. ஒரு வசந்த காலத்து டுக்னாட்டில் குப்பைப் பையின் வாயைப் பிடிக்கும்படி என்னிடம் சொன்னார். அடுத்த கால் மணித்தியாலத்தில் தன் முழங்கால் சத்திரசிகிச்சை, மகளின் படிப்பு, இறந்துபோன நாய், எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டார். கையில் ஒரு பை இருந்ததால் வாய் திறந்தது என்றுதான் நினைக்கிறேன்.

மாநகரமே இதற்கு வழி செய்து வைத்திருக்கிறது. பனி உருகியதும், மாரி முழுவதும் அதற்குள் ஒளிந்திருந்த குப்பை எல்லாம் வெளியே வரும். அப்போது ருஸ்கன் என்ற துப்புரவு இயக்கம் தொடங்கும். 1970களில் இருந்து நடக்கிறது. பாடசாலைகள், விளையாட்டுக் கழகங்கள், தொடர்மாடிகள் என்று யாரும் சேரலாம். பையும் கருவியும் தருவார்கள், சேர்த்த குப்பையை வந்து எடுத்துப் போவார்கள். மே 17இற்கு முதல் நகரம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்பது எல்லோருக்கும் உள்ள எண்ணம்.

இனி எங்களில் பலர் குடியிருக்கிற குரூருட் பள்ளத்தாக்குக்கு வருகிறேன். தொழிற்சாலையும் பெருந்தெருவும் தொடர்மாடியும் என்று பத்திரிகைகள் எழுதுகிற இடம். 2007 முதல் 2016 வரை அரசும் மாநகரசபையும் சேர்ந்து இந்தப் பள்ளத்தாக்கை மேம்படுத்த ஒரு பெரிய திட்டம் நடத்தினார்கள். அதன் பயனாக ஆல்னா, பியார்க்க, குரூருட், ஸ்தொவ்னர் ஆகிய நான்கு நகரப் பிரிவுகளிலும் பூங்கா அமைத்தார்கள். ஃபூருசெத்தில் உள்ளதற்கு உலகப் பூங்கா என்றே பெயர். அங்கே எத்தனை நாட்டுச் சனம் குடியிருக்கிறது என்பதை நினைத்தால் பொருத்தமான பெயர்தான்.

எனக்கு மிகவும் பிடித்தது பியார்க்கடாலன் பூங்கா. பிள்ளைகளே, இதைக் கேளுங்கள். அந்த இடத்தில் ஹோவின் ஓடை என்று ஒன்று ஓடியது. நகரம் வளர்ந்தபோது அதைக் குழாய்க்குள் விட்டு மேலே மண் போட்டு மூடிவிட்டார்கள். ஒஸ்லோவில் பல ஓடைகளுக்கு இப்படித்தான் நடந்தது. பல வருடம் அந்தத் தண்ணீர் இருட்டுக்குள்ளேயே ஓடியது. மேலே நடந்தவர்களுக்குக் காலுக்குக் கீழே ஒரு ஓடை இருப்பது தெரியாது. பூங்கா அமைத்தபோது நிலத்தைத் தோண்டி அதைத் திரும்ப வெளிச்சத்துக்குக் கொண்டு வந்தார்கள். இன்று கோடையில் போனால், பிள்ளைகள் காற்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு தண்ணீருக்குள் நிற்பார்கள். கரையில் சோமாலியத் தாய்மார், பாகிஸ்தானியத் தாத்தாமார், நோர்வேஜியப் பெற்றோர், எங்கள் ஆட்கள். பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் அடிக்கிறார்கள். பெரியவர்கள் தனித்தனி வாங்குகளில் இருந்து கைத்தொலைபேசியைப் பார்க்கிறார்கள். நான் சொல்ல வந்தது இந்த இரண்டு காட்சிகளுக்கும் நடுவில் இருக்கிற தூரத்தைப் பற்றித்தான்.

அந்தத் தூரத்தைக் குறைக்க இந்த நாட்டுக்காரர் சில வழிகளைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். முன்பு நகரப் பூங்காக்களில் 'பார்க்தந்த' என்று பெண்கள் இருப்பார்கள். பூங்கா அன்ரி என்று சொல்லலாம். தாய்மார் சில மணித்தியாலம் பிள்ளைகளை அவர்களிடம் விட்டுவிட்டுக் கடைக்கோ வேலைக்கோ போவார்கள். மழையோ பனியோ, பிள்ளைகள் வெளியில்தான். பிள்ளையை விடவும் எடுக்கவும் வருகிற தாய்மார் ஒருவரை ஒருவர் அறிந்தார்கள். அந்த வழக்கம் இப்போது நன்றாகக் குறைந்துவிட்டது. எனக்கு அதில் கவலைதான்.

செப்டம்பரில் ஆக்கர்ஸ் ஆற்றங்கரையில் நடக்கும் தீப்பந்த நடையைப் பார்த்தவர்கள் கை உயர்த்துங்கள். பரவாயில்லை, கனபேர். பகலும் இரவும் சமமாகும் காலத்தில் ஒரு மாலை, ஆற்றோரப் பாதையின் மின்விளக்குகளை அணைத்துவிட்டுத் தீப்பந்தங்களை வைப்பார்கள். வழியெல்லாம் பாடகர் குழுக்களும் கலைஞர்களும் இருப்பார்கள். ஆயிரக்கணக்கானோர் தள்ளுமுள்ளு இல்லாமல் மெதுவாக நடப்பார்கள். இருட்டில் யார் எந்த நாடு என்று தெரியாது. எங்கள் இளைஞர் பாடகர் குழுவுக்கு அது ஏற்ற இடம் என்று எனக்கு ஒரு ஆசை உண்டு. அதைப் பாடகர் குழுத் தலைவரிடம் தனியாகச் சொல்கிறேன்.

இப்போது கொஞ்சம் கனமான விஷயம். பிள்ளைகள் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாரிஸ் நகரத்தில் அத்தனாஸ் பெரிஃபான் என்பவர் 1999இல் அயலவர் விருந்து ஒன்றைத் தொடங்கினார். ஒவ்வொரு கட்டடத்தின் முற்றத்திலும் தெருவிலும் மேசை போட்டு, ஆளுக்கொரு பண்டம் கொண்டு வந்து சேர்ந்து சாப்பிடுவது. இப்போது பல நாடுகளில் நடக்கிறது. அதைத் தொடங்கத் தன்னைத் தூண்டியதாக அவர் சொல்வது, தன் அயலில் ஒரு வயதான பெண் வீட்டுக்குள் இறந்து கிடந்து, நெடுநாளான பிறகே தெரியவந்த சம்பவத்தை.

அமெரிக்காவின் சிக்காகோ நகரில் 1995 ஜூலையில் கடும் வெப்ப அலை வந்தது. 700இற்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் தனியாக இருந்த முதியவர்கள். எரிக் கிளினன்பெர்க் என்ற சமூகவியலாளர் அதை ஆராய்ந்து 2002இல் ஒரு நூல் எழுதினார். அடுத்தடுத்து இருந்த இரண்டு வறிய பகுதிகளை அவர் ஒப்பிட்டார். இரண்டிலும் தனித்து வாழும் முதியோர் நிறைய. ஆனால் ஒன்றில் சாவு மற்றதைவிடப் பல மடங்கு கூட. குறைவாக இறந்த பகுதியில் தெரு உயிரோடு இருந்தது. கடைகள் திறந்திருந்தன, நடைபாதையில் ஆட்கள் இருந்தார்கள், முதியவர்கள் வெளியே வந்து பழகியிருந்தார்கள். மற்றப் பகுதியில் வீடுகள் வெறிச்சோடி, கடைகள் மூடி, முதியவர்கள் பயந்து கதவைப் பூட்டிக்கொண்டு இருந்தார்கள்.

ஒஸ்லோவில் வெயிலால் ஆபத்து அரிது. இங்கே ஆபத்து பனியும் இருட்டும். எங்கள் முதல் தலைமுறையை நினைத்துப் பாருங்கள். படிக்க வந்தவர்கள், போருக்குத் தப்பி வந்தவர்கள், மீன் தொழிற்சாலையிலும் சமையலறையிலும் முதுகு வளைய உழைத்தவர்கள். இப்போது எழுபதைத் தாண்டுகிறார்கள். பிள்ளைகள் வேறு நகரங்களுக்குப் போய்விட்டார்கள். துணையை இழந்தவர்களும் இருக்கிறார்கள். மூன்றாம் மாடியில் ஒரு அம்மா தனியாக இருக்கிறா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வராவிட்டால் நாங்கள் தேடுவோம், தொலைபேசி எடுப்போம், யாராவது காரில் போய்ப் பார்ப்பார்கள். அதில் எங்கள் சபையை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் திங்கட்கிழமை காலை குளியலறையில் வழுக்கி விழுந்தால்? அடுத்த ஞாயிறு வர ஆறு நாள் இருக்கிறது. அந்த ஆறு நாளும் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் யார்? அவருக்கு அந்த அம்மாவின் பெயர் தெரியுமா? பத்திரிகை கதவடியில் கிடந்தால் அது வழமை இல்லை என்று அவருக்குத் தெரியுமா?

2020 மார்ச் மாதம் நாடு பூட்டியபோது அரசாங்கம் அதற்கும் டுக்னாட் என்ற சொல்லைத்தான் பயன்படுத்தியது. சபையில் கூட முடியவில்லை. இடைவெளி விட்டு வெளியில் நடக்கலாம் என்பதால் எத்தனையோ பேர் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த பூங்காவை அப்போதுதான் முதல் தடவை ஒழுங்காகப் பார்த்தார்கள். இரண்டு மீற்றர் தூரத்தில் நின்று அயலவரிடம் சுகம் விசாரித்தவர்கள் உண்டு. நோய் போனதும் அந்தப் பழக்கமும் போய்விட்டது.

எங்கள் கோடைகால ஒன்றுகூடல் அருமையானது. சாக்கோட்டம், தேசிக்காய் ஓட்டம், சங்கீதக் கதிரை, கயிறிழுப்பு, மூப்பர்களின் முகத்தை அந்த ஒரு நாளில்தான் அப்படிப் பார்க்கலாம். ஆனால் ஒவ்வொரு வருடமும் ஏதாவது தூரத்து இடத்துக்குக் காரில் போய், நாங்களே சமைத்து, நாங்களே ஓடி, நாங்களே பரிசு கொடுத்து, நாங்களே திரும்பி வருகிறோம். அதை நிறுத்தச் சொல்லவில்லை. அதோடு கூட இன்னொன்று வேண்டும் என்கிறேன். வருகிற கோடையில் ஒரு சனிக்கிழமை, அவரவர் வசிக்கும் பகுதியின் சிறிய பூங்காவில், நாலைந்து குடும்பம் சேர்ந்து பாய் விரித்து, தங்கள் மாடிப்படியில் இருக்கிற எல்லோரையும் அழைப்பது. ஃப்ரோக்னர் பூங்கா வேண்டாம். அங்கே விக்கலாண்டின் சிலைகளைப் பார்க்க உலகமே வருகிறது, அயலவரைக் காண முடியாது. உங்கள் வீட்டு யன்னலில் இருந்து தெரிகிற ஊஞ்சல் போதும்.

இதைச் சொன்னபோது சிலர் சொன்ன தடைகள் எனக்குத் தெரியும். பூங்காவில் குடிப்பார்கள் என்றார்கள். பொது இடத்தில் மது அருந்துவது இங்கே சட்டப்படி தடை, என்றாலும் கோடையில் நடக்கிறதுதான். நாங்கள் பகல் பதினொரு மணிக்குக் கூடினால் அந்தப் பிரச்சினை பெரும்பாலும் இல்லை. நாய் வரும் என்றார்கள். வரட்டும். நாயோடு வருகிறவர்தான் எங்களோடு முதலில் கதைக்கப் போகிறவர். மழை பெய்யும் என்றார்கள். பெய்யும்.

உண்மையான கேள்வியை ஒரு மூத்த சகோதரர் கேட்டார். அயலவரை அழைத்துச் சாப்பாடு கொடுக்கப் போகிறோம், சுவிசேஷத் துண்டுப் பிரசுரம் கொடுக்காமல் விடுவதா, கிடைத்த தருணத்தை நழுவ விடலாமா என்று. அவர் ஊழியப் பாரத்தோடுதான் கேட்டார், அதை நான் மதிக்கிறேன். இருந்தாலும் என் கருத்து, அன்றைக்குக் கொடுக்கக் கூடாது. எங்கள் மாடிப்படியில் முஸ்லிம் குடும்பம் இருக்கிறது, இந்துக் குடும்பம் இருக்கிறது, எந்த மதமும் வேண்டாம் என்கிற நோர்வேஜியர் இருக்கிறார். ரோல்ஸ் கொடுத்த கை அடுத்த நிமிடம் பிரசுரத்தை நீட்டினால், ரோல்ஸ் எதற்கு வந்தது என்று அவர்கள் யோசிப்பார்கள். அடுத்த முறை வரமாட்டார்கள். நல்ல சமாரியன் கதையை நாங்கள் எல்லோரும் பிரசங்கித்திருக்கிறோம். காயம் கட்டினான், சத்திரத்தில் சேர்த்தான், பணம் கொடுத்தான், போய்விட்டான். அடிபட்டவனிடம் அவன் எதையும் வாசிக்கக் கொடுத்ததாக லூக்கா எழுதவில்லை. யாராவது நீங்கள் யார், எங்கே ஆராதிக்கிறீர்கள் என்று கேட்டால் மறைக்கவா போகிறோம்? சந்தோஷமாகச் சொல்வோம். மூப்பர்களுக்கு வேறு கருத்து இருந்தால் சபைக் கூட்டத்தில் வைத்துக் கதைக்கலாம். ஆனால் முடிவு பூங்காவுக்குப் போகமுதல் வேண்டும், அங்கே போய் நின்று இழுபட முடியாது.

பாட்டு வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். வேண்டும்தான். சென்னை மயிலாப்பூரில் நாகேஸ்வரராவ் பூங்கா என்று ஒன்று உண்டு. அங்கே ஞாயிறு காலையில் சிறுவர்கள் ஒலிபெருக்கி இல்லாமல் கச்சேரி செய்யும் வழக்கம் இருக்கிறது. நடக்க வருகிறவர்கள் நின்று கேட்பார்கள். மைக் இல்லாததால் கிட்ட வந்து இருந்துதான் கேட்க வேண்டும். எங்களுக்கும் அதுவே நல்லது. மேடை, பெரிய கூடாரம், ஒலிபெருக்கி என்று போனால் மாநகரசபையின் நகரச் சூழல் திணைக்களத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். பாயும் மத்தளமும் பிள்ளைகளின் தொண்டையும் போதும்.

சாப்பாட்டைப் பற்றி அன்ரிமாருக்கு நான் சொல்லத் தேவையில்லை, இரண்டு விஷயம் தவிர. ஒவ்வொரு தட்டுக்கும் முன்னால் என்ன இருக்கிறது என்று நோர்வேஜிய மொழியில் ஒரு துண்டு எழுதி வையுங்கள்: முட்டை, கச்சான், கோதுமை, எந்த இறைச்சி. அந்த வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள், எழுத்துப்பிழை இருக்காது. மற்றது, உறைப்பைக் குறையுங்கள். 'மிதிவெடி' என்று அந்தப் பண்டத்தின் பெயரை மொழிபெயர்த்து எழுதவும் வேண்டாம், பொலிஸ் வந்துவிடும். அயலவரும் ஏதாவது கொண்டு வரட்டும். நாங்கள் எல்லாவற்றையும் சமைத்துக் குவித்தால் அவர்கள் விருந்தாளிகளாகவே இருந்துவிடுவார்கள். ஒரு கேக்கோ ஒரு குடுவை கோப்பியோ கொண்டு வந்த மனிதர்தான் உரிமையோடு பாயில் இருப்பார்.

ஒருமுறை பாவிக்கும் அடுப்பைப் புல்லின்மேல் வைக்காதீர்கள். புல் கருகிக் கறுத்த சதுரம் கோடை முழுக்க எங்கள் பெயரைச் சொல்லும். கல்லின்மேல் வையுங்கள், முடிந்ததும் அதற்கென்று வைத்திருக்கிற தொட்டியில் போடுங்கள். ஏப்ரல் 15 முதல் செப்டம்பர் 15 வரை காட்டிலும் காட்டை அண்டிய இடத்திலும் நெருப்பு மூட்டுவது பொதுவாகத் தடை. உங்கள் பூங்கா காட்டோரமாக இருந்தால் வீட்டிலேயே சமைத்துக் கொண்டு வாருங்கள். விளையாட்டுச் சாமான் வாங்கிச் செலவழிக்க வேண்டாம். 'பூவா' இரவல் நிலையங்களில் விளையாட்டு உபகரணங்களை இலவசமாக எடுக்கலாம்.

கடைசியாக இளைஞர்களுக்கு. 2015இல் கம்சாயினி குணரட்ணம் இந்த மாநகரத்தின் துணை மேயர் ஆனபோது நாங்கள் எல்லோரும் பெருமைப்பட்டோம். அம்மா அப்பாவுக்கு மொழி தயக்கம் இருக்கிறது, உங்களுக்கு இல்லை. அதனால் கதவைத் தட்டி அழைக்கும் வேலை உங்களுடையது. கடிதப் பெட்டியில் துண்டு போட்டுவிட்டு ஓடக் கூடாது. மணியை அடித்து, பெயரைச் சொல்லி, அவருடைய பெயரையும் கேட்டு வர வேண்டும். கூடவே அம்மாவையோ அப்பம்மாவையோ அழைத்துக்கொண்டு போங்கள், அவர்களின் முகத்தையும் அயலவர் அறியட்டும்.

வாசலில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. பகுதிவாரியாகப் பிரித்திருக்கிறோம். போகும்போது உங்கள் பெயரையும் பக்கத்தில் இருக்கிற பூங்காவின் பெயரையும் எழுதுங்கள். இரண்டு குடும்பம் எழுதினாலும் அந்தப் பகுதியில் தொடங்கலாம். இன்னொரு விஷயம், கயிறிழுப்புக் கயிறு சபையின் களஞ்சிய அறையில் இல்லை. போன கோடைக்குப் பிறகு யாரோ காரில் கொண்டு போயிருக்கிறீர்கள். தயவுசெய்து அடுத்த ஞாயிறு கொண்டு வந்து வைத்துவிடுங்கள்.